கிருமியின் பெயரைவிட அது இறங்கிய இடம்

இருமலும் காய்ச்சலும் வந்துவிட்டால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, வந்திருப்பது வைரஸா பாக்டீரியாவா என்பதுதான். கேள்வி நியாயமானதே, மருந்து எது என்பது அந்த விடையைப் பொறுத்தது என்று நம் எல்லோருக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் மூச்சுப்பாதைத் தொற்றுகளைப் பற்றிப் பல ஆண்டுகளாக விடாமல் படித்துவந்ததில், வேறொரு கேள்வி அதற்கும் முன்னால் நிற்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு வலுத்துவிட்டது. வந்த கிருமி எந்த இடம்வரை இறங்கியிருக்கிறது என்பதே அந்தக் கேள்வி. நிமோகாக்கஸ் என்னும் பாக்டீரியா சிறு குழந்தைகள் பலருடைய மூக்கின் பின்புறத்தில் வாரக்கணக்கில் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கும். அதே பாக்டீரியா நுரையீரலின் காற்றறைகளுக்குள் இறங்கிப் பெருகினால் சில நாட்களில் உயிருக்கே உலை வைத்துவிடும். இரண்டு நிலைகளுக்கும் இடையில் இருப்பது ஒரு முழம்கூடத் தேறாத தூரம். அந்தத் தூரத்தைக் காப்பது எது, அந்தக் காவல் எப்படி உடைகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுத நினைக்கிறேன்.

வளர்ந்த மனிதர் ஒருவர் ஒரு நாளில் ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றை உள்ளிழுத்து வெளிவிடுகிறார். அந்தக் காற்றோடு தூசியும் புகையும் பூஞ்சை வித்துகளும் பிறர் மூச்சிலிருந்து வந்த நுண்துளிகளும் சேர்ந்தே உள்ளே வருகின்றன. மூக்கினுள் பக்கச் சுவர்களிலிருந்து புடைத்து நிற்கும் எலும்புத் தட்டுகள் காற்றைச் சுழலவைத்து, ஈரமான சவ்வின்மீது உரசவைத்து, நுரையீரலை எட்டுவதற்குள் அதைச் சூடாக்கி ஈரப்படுத்திவிடுகின்றன. 10 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துகள்களில் பெரும்பாலானவை அந்தச் சுழற்சியிலேயே சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதைவிடச் சிறியவை குரல்வளையைத் தாண்டும். 5 மைக்ரானுக்குக் குறைந்தவற்றில் ஒரு பங்கு அடித்தளம்வரை போய்விடும். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து, அவை மறுபடி இரண்டிரண்டாகப் பிரிந்து, இப்படி ஏறத்தாழ 23 முறை கிளைத்த பிறகே காற்றறைகள் வருகின்றன. அவற்றின் எண்ணிக்கை கோடிக்கணக்கில் இருக்கும். எல்லாவற்றின் உட்பரப்பையும் விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் தேறும். காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சுவரின் தடிமன் பெரும்பாலான இடங்களில் ஒரு மைக்ரான்கூட இல்லை.

இந்த மெல்லிய சுவர்தான் முழுச் சிக்கலுக்கும் வேர். ஆக்சிஜன் ஊடுருவ வேண்டுமானால் சுவர் மெல்லியதாக இருந்தாக வேண்டும்; மெல்லியதாக இருந்தால் அதன்மேல் கோழையையோ தடித்த திசுவையோ காவலுக்கு வைக்க முடியாது. ஆகவே காவல் முழுவதும் அதற்கு மேலே உள்ள குழல்களில்தான் அமைந்தாக வேண்டும். மூச்சுப்பாதை நோய்களில் நான் படித்த எதுவும் இந்த ஒரு நிர்ப்பந்தத்திலிருந்து விலகிப் போனதில்லை.

அந்தக் காவலைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு மாணவப் பருவத்தில் எனக்குக் கிடைத்தது. மூக்கின் உட்சுவரிலிருந்து சிறு தூரிகையால் வருடி எடுத்த செல்களை உப்புக் கரைசலில் இட்டு, மூடுவில்லையால் மூடி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தோம். முதலில் செல்கள் மட்டுமே தெரிந்தன. குவியத்தைச் சற்றே திருத்தியதும் ஒவ்வொரு செல்லின் விளிம்பும் துடிப்பது தெரிந்தது. அந்தத் துடிப்பு, செல்லின் தலைப்பில் நெருக்கமாக நிற்கும் குற்றிழைகளின் அசைவு. ஒரு செல்லுக்குச் சுமார் 200 இழைகள். ஒவ்வொன்றின் நீளம் 6 அல்லது 7 மைக்ரான். வினாடிக்கு 10 முதல் 15 முறை அடிக்கும். படகோட்டியின் துடுப்பைப் போல ஒரு பக்கம் போகும்போது நிமிர்ந்து விசையோடு தள்ளும். திரும்பும்போது மடங்கித் தாழ்ந்து வரும். உடலைவிட்டுப் பிரிந்த செல்கள் கூட்டமாக மிதந்தபடி மணிக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்தன. அருகே வந்த இரத்த அணு ஒன்று அந்த விளிம்பைத் தொட்டதும் வீசி எறியப்பட்டது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோன செய்தி, அன்றுதான் எனக்கு நம்பக்கூடிய ஒன்றாயிற்று.

இழைகள் அடிக்கும் திரவத்தில் இரண்டு அடுக்குகள் உண்டு. கீழ் அடுக்கு நீர்த்தது. அதன் உயரம் ஏறத்தாழ இழையின் உயரமே. அதன்மேல் பசையான கோழை படர்ந்திருக்கும். நிமிரும் இழைகளின் நுனிகள் மட்டும் அதைத் தொட்டுத் தள்ளும். கீழ் அடுக்கு வற்றினால் இழைகள் பசையில் சிக்கும். மிகுந்தால் நுனிகள் கோழையை எட்டாது. அளவு சரியாக இருக்கும்வரை கோழை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் மூக்கிலிருந்து பின்னோக்கியும் நுரையீரலிலிருந்து மேல்நோக்கியும் தொண்டையை நாடி நகர்ந்துகொண்டே இருக்கும். தொண்டைக்கு வந்ததை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். மீதியை இரைப்பை அமிலம் கவனித்துக்கொள்ளும். இந்த வேகத்தை அளக்க எளிய சோதனை ஒன்று உண்டு. சாக்கரின் துணுக்கு ஒன்றை நாசித் துவாரத்துக்குச் சற்று உள்ளே சவ்வின்மீது வைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சாமல் காத்திருக்க வேண்டும். தொண்டையில் இனிப்புத் தெரியும்போது நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். இழைகள் நலமாக இருந்தால் சுமார் 20 நிமிடங்களுக்குள் இனித்துவிடும். ஜலதோஷம் அடங்கிய வாரத்தில் நான் இதைச் செய்து பார்த்தபோது, துணுக்கு விழுந்துவிட்டதோ என்று சந்தேகப்படும் அளவுக்குக் காத்திருக்க நேர்ந்தது.

இழைகள் இல்லாவிட்டால், அல்லது இருந்தும் அசையாவிட்டால் என்ன ஆகும் என்பதை இயற்கையே காட்டியிருக்கிறது. பிறவியிலேயே இழைகள் சரிவர அசையாத குழந்தைகள் உண்டு. பிறந்த சில நாட்களிலேயே அவர்களுக்கு ஈர இருமலும் மூக்கடைப்பும் தொடங்கிவிடும்; காதிலும் சைனஸ்களிலும் நுரையீரலிலும் தொற்று மாறிமாறி வந்து, காலப்போக்கில் மூச்சுக்கிளைகள் நிரந்தரமாக விரிந்து சீழ் தேங்கும் நிலைக்குப் போகும். ஸ்வீடன் நாட்டு அறிஞர் பியோர்ன் அஃப்சேலியஸ் 1976இல் இதன் காரணத்தை வெளியிட்டார். அவரை அங்கே கொண்டுசேர்த்தது, விந்தணுவின் வால் அசையாததால் குழந்தைப்பேறு இல்லாத ஆண்கள் சிலருக்கு ஓயாத மார்புத்தொற்றும் இருந்தது என்ற கவனிப்பு. வாலுக்கும் குற்றிழைக்கும் உள்கட்டமைப்பு ஒன்றுதான். இவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இதயம் உள்ளிட்ட உள்ளுறுப்புகள் இடம் வலம் மாறி இருக்கும். கருவில் எது இடப்பக்கம் என்று தீர்மானிக்கும் நீரோட்டத்தை உண்டாக்குபவையும் இத்தகைய இழைகளே. அவை அசையாதபோது தீர்மானம் தற்செயலின் கைக்குப் போய்விடுகிறது. கட்டுரைக்கு இந்தத் தகவல் அவசியமில்லை என்று தெரிந்தும் விட்டுவிட மனம் வரவில்லை.

ஜலதோஷத்தை உண்டாக்குவதில் முன்னணியில் நிற்கும் ரைனோ வைரஸ், இந்தக் காவலைப் பெரிதாக உடைப்பதில்லை. 160க்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட இந்த வைரஸ், உடலின் மையத்தில் நிலவும் 37 டிகிரியைக் காட்டிலும் மூக்கின் உட்புறத்தில் இருக்கும் 33 டிகிரிச் சூட்டில்தான் நன்றாகப் பெருகுகிறது. அதனால் பெரும்பாலும் மேலேயே நின்றுவிடுகிறது. மூக்கடைப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு சளியால் ஆனதன்று; எலும்புத் தட்டுகளின் மேலுள்ள இரத்த நாளங்கள் வீங்குவதால் ஆனது. அந்த வீக்கமும் தும்மலும் நீர் வடிதலும் வைரஸுக்கு எதிராக நம் உடல் எழுப்பும் எதிர்வினைகளே. ஆஸ்துமா உள்ள குழந்தைகளிடம் மட்டும் இதே வைரஸ் கடும் இளைப்பைக் கிளப்பிவிடும். இந்த நோயை மட்டும் ஆராய்வதற்காக இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 1946இல் தொடங்கப்பட்ட ஆய்வுக்கூடம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, தன்னார்வலர்களின் மூக்கில் வைரஸ் கரைசலைச் சொட்டிச் சோதனைகள் நடத்தியது. ஜலதோஷத்துக்கு மருந்து அங்கே பிறக்கவில்லை. ஆனால் அங்கே சேகரித்த மாதிரி ஒன்றை 1960களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்த ஜூன் அல்மெய்டா, விளிம்பைச் சுற்றி முனைகள் நீட்டிய புதுவகைத் துகள்களைக் கண்டார். மனிதரைத் தாக்கும் கொரோனா வைரஸ்கள் அறிவியலின் கண்ணுக்கு அப்படித்தான் முதலில் பட்டன.

ஜலதோஷம் சற்றே கீழிறங்கி மூச்சுக்கிளைகளில் தங்கும்போதுதான் மருந்துக் குழப்பம் தொடங்குகிறது. நான்காம் ஐந்தாம் நாளில் சளி மஞ்சளாகி, பிறகு பச்சையாகிறது. உடனே அது பாக்டீரியாதான், ஆன்டிபயாடிக் வேண்டும் என்று முடிவு கட்டப்படுகிறது. அந்தப் பச்சை நிறத்தைத் தருவது வெள்ளணுக்களுக்குள் இருக்கும் மைலோபெராக்சிடேஸ் என்னும் நொதி. இரும்பு கொண்ட அந்த நொதி இயல்பாகவே பச்சை நிறமுடையது. வெள்ளணுக்கள் பெருந்திரளாக வந்து மடியும்போது சளிக்கும் அந்த நிறம் ஏறுகிறது. வைரஸை எதிர்த்து வந்தாலும் அவை அதே வெள்ளணுக்கள்தான். ஆகவே நிறத்தை மட்டும் வைத்து எதிரியை அடையாளம் காண முடியாது. நலமாக இருந்தவருக்குத் திடீரென வரும் மூச்சுக்கிளை அழற்சியில் மிகப் பெரும்பாலானவை வைரஸால் வருபவை.

இருமல் எத்தனை நாள் நீடிக்கும் என்பதிலும் எதிர்பார்ப்பும் உண்மையும் ஒத்துப்போவதில்லை. 2013இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, இத்தகைய இருமல் சராசரியாகச் சுமார் 18 நாட்கள் நீடிப்பதாகவும், மக்கள் எதிர்பார்ப்பதோ ஏழு முதல் ஒன்பது நாட்கள் மட்டுமே என்றும் காட்டியது. வைரஸ் போய்விட்ட பிறகும் இருமல் தொடர்வதற்குக் காரணம் இருக்கிறது. மேற்பரப்புச் செல்கள் உதிர்ந்த இடத்தில் நரம்பு முனைகள் எளிதில் தூண்டப்படும் நிலையில் இருக்கின்றன. குளிர்ந்த காற்றோ சிரிப்போ அவற்றைத் தூண்டப் போதும். புதிய செல்கள் வளர்ந்து இழைகள் முளைத்து ஒரே திசையில் அடிக்கக் கற்றுக்கொள்ளும்வரை, கோழையை வெளியேற்ற இருமல் ஒன்றே வழி. பத்தாம் நாளில் பொறுமை இழந்து தொடங்கும் மாத்திரை, பதினைந்தாம் நாளில் தானாகக் குறையத் தொடங்கும் இருமலுக்கான பெயரைத் தட்டிக்கொண்டு போகிறது. அடுத்த முறை அதே மாத்திரையை முதல் நாளிலேயே கேட்கிறோம். காசநோய் மிகுந்த நாடுகளில், இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்யச் சொல்வதை இதற்கு முரணாகக் கருதத் தேவையில்லை. சோதித்துப் பார் என்பது வேறு, ஆன்டிபயாடிக் விழுங்கு என்பது வேறு. மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும் சளியில் இரத்தமும் இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

இடம்தான் நோயைத் தீர்மானிக்கிறது என்பதற்குக் கக்குவான் இருமலைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஜூல் போர்தேயும் ஆக்டாவ் ஜாங்கூவும் 1906இல் பிரித்தெடுத்த அந்தப் பாக்டீரியா, இரத்தத்தில் பரவுவதில்லை. நுரையீரல் திசுவைப் பெரிதாகத் துளைப்பதுமில்லை. மூச்சுக்குழலின் குற்றிழைகளைப் பற்றிக்கொள்கிறது. அங்கிருந்தபடியே நச்சுத் துணுக்கு ஒன்றை விடுத்து இழைகொண்ட செல்களை மட்டும் தேர்ந்து கொல்கிறது. விளைவு, அடுத்தடுத்து மூச்சுவிட இடமின்றி வரும் இருமல் தொடர், அதன் முடிவில் காற்றை இழுக்கும்போது எழும் கூவல், வாந்தி, வாரக்கணக்கில் தூக்கமின்மை. வலிப்பு போன்ற இருமல் கட்டம் தொடங்கிய பின் ஆன்டிபயாடிக் கொடுத்தால் பாக்டீரியா சாகும், பிறருக்குப் பரவுவது நிற்கும். இருமல் மட்டும் தன் காலத்தை முடித்துக்கொண்டுதான் போகும். கிருமி வந்த வேகத்தில் போய்விட்டாலும் இழைகள் அந்த வேகத்தில் முளைக்கா. சில வாரக் குழந்தைகளுக்கு இருமலே இல்லாமல் மூச்சு நின்று நீலம் பாய்வதே முதல் அறிகுறியாகிவிடக்கூடும். கருவுற்ற தாய்க்குத் தடுப்பூசி போட்டு அந்த எதிர்ப்பாற்றலைச் சிசுவுக்குக் கடத்துவது அதனால்தான்.

இன்ஃபுளுவென்சா இதே காவலைப் பரந்த அளவில் உரித்துவிடுகிறது. மனிதரிடையே பரவும் இன்ஃபுளுவென்சா வைரஸ்கள், மேல் மூச்சுப்பாதைச் செல்களில் நிறைந்திருக்கும் சியாலிக் அமிலம் என்னும் சர்க்கரைப் பொருளின் ஒருவகைப் பிணைப்பைப் பற்றிக்கொள்கின்றன. பறவைக் காய்ச்சல் வைரஸ்கள் நாடும் பிணைப்போ மனிதரிடம் பெரும்பாலும் ஆழத்தில், காற்றறைகளின் அருகே இருக்கிறது. எச்5என்1 தொற்றிய மனிதர்களிடம் அது கொடிய நிமோனியாவை உண்டாக்குவதற்கும், ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எளிதில் தாவாமல் இருப்பதற்கும் இந்த இட வேறுபாடு முக்கியக் காரணங்களுள் ஒன்று. ஆழத்தில் பெருகும் வைரஸ் தும்மலில் எளிதாக வெளியேறாது. அது மேலே குடியேறக் கற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்ற அச்சமே அதை இத்தனை கண்காணிப்பில் வைத்திருக்கிறது.

1918ஆம் ஆண்டின் பெருந்தொற்றைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஒரு வேடிக்கையான நியாயம் எனக்குத் தென்படும். ரிச்சர்ட் ஃபைஃபர் 1892இல் நோயாளிகளின் சளியில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, இன்ஃபுளுவென்சாவுக்கு அதுவே காரணம் என்று அறிவித்தார். 1918இல் மருத்துவர்கள் அந்தப் பாக்டீரியாவைத் தேடிச் சிலரிடம் கண்டார்கள், பலரிடம் காணவில்லை. நிமோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று வேறு பலவற்றைக் கண்டார்கள். 1933இல் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும் மனிதத் தொண்டை நீரை ஃபெரட் விலங்குகளுக்குச் செலுத்தி வைரஸே மூல காரணம் என்று நிறுவியதும், ஃபைஃபரின் கருத்து தவறு என்று ஒதுக்கப்பட்டது. ஆனால் 2008இல் மோரன்ஸ், டாபன்பெர்கர், ஃபௌச்சி ஆகியோர் 1918இல் இறந்தவர்களின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களையும் பழைய பிணக்கூறாய்வுப் பதிவுகளையும் மறுபடி ஆராய்ந்தபோது, மிகப் பெரும்பாலான சாவுகளுக்கு வைரஸைத் தொடர்ந்து வந்த பாக்டீரிய நிமோனியாவே காரணமாக இருந்திருக்கும் என்ற முடிவுக்கு வந்தார்கள். வைரஸ் இழைச் செல்களை உரித்துப் போட்டது. மூக்கிலும் தொண்டையிலும் அதுவரை சாதுவாக இருந்த பாக்டீரியாக்கள், தடுப்பார் இல்லாத பாதையில் இறங்கின. எனவே ஃபைஃபர் தேடிய குற்றவாளி தவறானவன் என்றாலும், அவர் பார்த்த இடத்தில் குற்றம் நடந்துகொண்டுதான் இருந்தது. இன்றும் இன்ஃபுளுவென்சா நோயாளியைக் கவனிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்திருப்பது நல்லது. காய்ச்சல் தணிந்து, எழுந்து உட்கார்ந்து, பசி எடுக்கத் தொடங்கிய பின் சில நாட்களில் மறுபடி குளிர்க்காய்ச்சலும் நெஞ்சுவலியும் வந்தால், அது பழைய நோயின் மிச்சமன்று. இரண்டாவது ஆள் உள்ளே நுழைந்துவிட்டான் என்று கொள்ளவேண்டும்.

இடம் என்று நான் சொல்வதில் அகலமும் அடங்கும். குழலில் காற்று அமைதியாக ஓடும்போது, அதன் தடை ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழலின் உட்சுவர் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் தடை ஏறத்தாழ மூன்று மடங்காகும். 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழல் அதே அளவு வீங்கினால் தடை 16 மடங்காகிவிடும். பெரியவருக்குத் தொண்டைக் கரகரப்பாகக் கழியும் பாராஇன்ஃபுளுவென்சா வைரஸ் தொற்று, இரண்டு வயதுக் குழந்தைக்கு நடுநிசியில் நாய் குரைப்பது போன்ற இருமலாகவும் மூச்சு இழுக்கும்போது கீச்சொலியாகவும் மாறுவது இதனால்தான். ஆர்எஸ்வி என்று சுருக்கமாக அழைக்கப்படும் வைரஸ் இன்னும் கீழே, நுண்குழல்களில் இதைச் செய்கிறது. இரண்டு வயதுக்குள் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் தொற்றிவிடும் இந்த வைரஸ் பெரும்பாலோருக்குச் சாதாரணச் சளியாகவே போகும். சில மாதக் குழந்தைகளிடம், குறிப்பாகக் குறைமாதத்தில் பிறந்தவர்களிடம், உதிர்ந்த செல்களும் கோழையும் குழல்களை அடைத்து மூச்சுத் திணறலில் கொண்டுபோய் நிறுத்தும். 1960களில் சோதிக்கப்பட்ட இதற்கான தடுப்பூசி நோயைக் கடுமையாக்கி இரண்டு குழந்தைகளின் உயிரைப் பறித்தது. அந்த அடி துறையையே பல பத்தாண்டுகள் முடக்கியது. செல்லோடு இணைவதற்கு முன் அந்த வைரஸின் புரதம் எந்த வடிவில் இருக்கிறது என்பது 2013இல் தெளிவான பிறகுதான் வழி திறந்தது. 2023இல் தடுப்பூசிகள் ஒப்புதல் பெற்றன.

காசநோய்க்கு மூக்கு, தொண்டை, குழல்கள் எல்லாம் பெரும்பாலும் வெறும் கடவுப்பாதைதான். அது தொற்ற வேண்டுமானால் பாக்டீரியா காற்றறையை எட்டி, அங்கே துப்புரவுப் பணியில் இருக்கும் விழுங்கணுவுக்குள் புகவேண்டும். விழுங்கிய அணுவே அதன் குடியிருப்பாகிவிடுகிறது. ஆகவே பெரிய எச்சில் துளிகள் மூக்கில் படிந்து பயனற்றுப் போகின்றன; நீர் உலர்ந்து சில மைக்ரான் அளவுக்குச் சுருங்கிக் காற்றில் மிதக்கும் துகள்களுக்குத்தான் அந்த ஆழம் வாய்க்கும். வில்லியம் வெல்ஸ் 1930களிலேயே இதைக் கணித்திருந்தார். 1950களின் பிற்பகுதியில் அவரும் ரிச்சர்ட் ரைலியும் பால்டிமோர் மருத்துவமனை ஒன்றில், காசநோயாளிகளின் அறைகளிலிருந்து வெளியேறும் காற்றைக் குழாய்வழியே கினிப் பன்றிக் கூண்டுகளுக்குச் செலுத்தினார்கள். நோயாளிகளை ஒருபோதும் நெருங்காத அந்த விலங்குகளுக்குக் காசநோய் தொற்றியது. அதே காற்றைப் புற ஊதா ஒளியில் காட்டிச் செலுத்திய கூண்டில் தொற்றவில்லை. காற்றே கடத்துகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. இருந்தும் 2020இல் கோவிட் பரவியபோது துளியா காற்றா என்று உலகம் மாதக்கணக்கில் வாதிட்டதும், கை கழுவுவதற்குக் கொடுத்த அழுத்தத்தில் ஒரு பங்கைக்கூடச் சன்னல் திறப்பதற்குக் கொடுக்காததும் எனக்கு இன்றும் ஆற்றாமையைத் தருகின்றன. உலக சுகாதார நிறுவனம் இந்தப் பிரிவினையைக் கைவிட்டு, காற்றின் வழியே பரவுதல் என்ற ஒரே குடைக்கீழ் சொற்களைத் திருத்தி அறிக்கை வெளியிட்டது 2024இல்தான்.

நிமோனியா எனப்படுவது காவல்கள் அனைத்தும் தோற்ற பிறகு காற்றறைகளுக்குள்ளேயே நடக்கும் போர். உறக்கத்தில் நலமான மனிதர்களுக்கும் தொண்டை நீரில் சிறிதளவு மூச்சுக்குழலுக்குள் கசிகிறது. இழைகளும் விழுங்கணுக்களும் அதை விடிவதற்குள் துடைத்துவிடுகின்றன. துடைக்க முடியாதபடி அளவு மிகும்போதும், முதுமையாலோ பக்கவாதத்தாலோ விழுங்குதல் தடுமாறும்போதும், புகை இழைகளை மந்தப்படுத்தியிருக்கும்போதும் கணக்கு தவறுகிறது. வலப்புற மூச்சுக்கிளை அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால், தவறி இறங்குபவை பெரும்பாலும் வலது நுரையீரலின் அடிப்பகுதியிலேயே தங்குகின்றன. நிமோகாக்கஸ் அங்கே போய்ச் சேர்ந்தால், அதைச் சுற்றியுள்ள சர்க்கரை உறை விழுங்கணுக்களின் பிடியிலிருந்து வழுக்கிவிடுகிறது. அந்த உறையை ஆராயப்போய்தான் 1928இல் ஃபிரெடெரிக் கிரிஃபித் ஒரு பாக்டீரியாவின் குணம் இன்னொன்றுக்குத் தாவுவதைக் கண்டார். 1944இல் ஏவரியும் அவருடைய தோழர்களும் அந்தக் குணத்தைச் சுமப்பது டிஎன்ஏ என்று காட்டினார்கள். மரபணு அறிவியலுக்கு நிமோனியா கொடுத்த கொடை அது. நோயாளிக்கோ காற்றறைகளில் நீரும் வெள்ளணுக்களும் நிறைந்து, நுரையீரலின் அந்தப் பகுதி கெட்டிப்படுகிறது. பிணக்கூறாய்வில் அதன் துண்டை நீரில் இட்டால் மிதக்காமல் மூழ்கும். 1816இல் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கிய லானெக், நிரம்பிய காற்றறைகளின் நொறுநொறுப்பு ஓசையைச் செவியால் பிரித்தறிந்து எழுதிவைத்தார். 1826இல் காசநோயே அவரைக் கொண்டுபோனது.

ஸ்டெதஸ்கோப்போ எக்ஸ்-ரேயோ எட்டாத இடங்களிலும், நோய் காற்றறைக்கு இறங்கிவிட்டதா என்று அறிய ஒரு வழி உண்டு. 1980களில் பப்புவா நியூ கினியில் பணியாற்றிய ஃபிராங்க் ஷானும் அவருடைய குழுவினரும், இருமலோடு வரும் குழந்தைகளில் நிமோனியா யாருக்கு என்பதை மூச்சின் வேகம் நம்பத்தக்க அளவில் காட்டிக்கொடுப்பதைக் கண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் அதையே வழிகாட்டுதலாக்கியது. இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு நிமிடத்துக்கு 60, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு 50, ஐந்து வயது நிரம்பாதவருக்கு 40 என்பன எல்லைகள். அவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு என்று கொள்ளவேண்டும். 2019இல் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட 7,40,000 குழந்தைகள் நிமோனியாவால் இறந்ததாக அந்த நிறுவனம் கணக்கிட்டிருப்பதைப் பார்க்கும்போது, கடிகாரத்தை மட்டுமே கேட்கும் ஒரு சோதனையின் மதிப்பு விளங்கும்.

எண்ணுவதிலும் ஒரு முறை இருக்கிறது. குழந்தை அழுதுகொண்டிருக்கக் கூடாது. பால் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. தூங்கும்போதோ அமைதியாக மடியில் கிடக்கும்போதோ சட்டையை மேலே தூக்கிவிட்டு, வயிறும் மார்பும் சேரும் இடத்தைப் பார்த்தபடி எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கும் சுருக்குவழி இங்கே உதவாது. சிசுக்களின் மூச்சு சீரானதன்று. சில வினாடிகள் விரைந்து, சில வினாடிகள் தயங்கும். ஆகவே முழு நிமிடமும் எண்ண வேண்டும்; இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60ஐத் தொட்டால் இன்னொரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணும்போதே விலா எலும்புகளின் கீழ்விளிம்பையும் கவனிக்கவேண்டும். மூச்சு இழுக்கும்போது மார்பு புடைப்பதற்குப் பதிலாக அந்த விளிம்பு உள்வாங்கினாலோ, ஒவ்வொரு மூச்சிலும் முனகல் கேட்டாலோ, குழந்தை பால் குடிக்க முடியாமல் சோர்ந்து கிடந்தாலோ, எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் அந்த இரவிலேயே, அந்த நிமிடத்திலேயே ஆக்சிஜன் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.